காலா, பிரேக்கா?

நம்பர் அக்கா எனக்குப் பழக்கமானது ஒரு விபத்தால். விபத்து என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். எங்கள் வண்டி ஆஸ்பத்திரி கேட்டில் போய் மோதியபோது, பக்கத்தில் நடந்து போய்க்கொண்டிருந்த ஆள் எங்களைவிட ஓரடி முன்னால் இருந்தார். அவ்வளவுதான் வேகம். கேட்டில் ஒரு கம்பி வளைந்தது. வண்டியின் முன்விளக்கு உடைந்தது. என் முன்பல்லில் ஒரு சில்லு போயிற்று. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு மனிதர் இருபத்தாறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேர் போய்விட்டது.

அந்த மனிதர் எங்கள் டிரைவர். சிறுநீரகம் கைவிட்ட எங்கள் ஆறு பேரை வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாக வந்து ஏற்றிக்கொள்வார். கடலோரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவார். நாலு மணி நேரம் எங்கள் ரத்தம் மெஷினில் சுற்றி முடிக்கும்வரை வெளி முற்றத்தில் காத்திருந்து, திரும்பவும் வாசல்வரை கொண்டுவந்து இறக்குவார். வண்டி மூன்று வரிசை சீட் உள்ள பழைய எஸ்யூவி. பதினாறு வயது. படியில் கால் வைக்க முடியாதவர்களுக்காக அவரே ஒரு மரப்பலகை செய்து வைத்திருந்தார். சிகிச்சை முடிந்து தலை சுற்றலோடு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அவர் ஓட்டும்போது, தண்ணீர் நிறைந்த டம்ளரை மடியில் வைத்திருந்தாலும் சிந்தாது.

அப்படிப்பட்டவர்தான் கேட்டில் போய் இடித்தார். இறங்கி நின்று, ஆஸ்பத்திரியின் போக்குவரத்து அதிகாரி அம்மாவிடம், "நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன் மேடம்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எண்ணினேன், ஒன்பது தடவை. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் நான். எண்ணுவது பழகிப்போன புத்தி.

பிரேக் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்புவதற்கு வழியும் இல்லை. நாலு மாதமாகவே வண்டி நிற்கும் நேரத்தில் மிதிகட்டை கால் கீழே உதறுகிறது, வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது என்று அவர் பட்டறைக்கு நடந்துகொண்டிருந்தார். பட்டறைக்காரரும் ஒவ்வொன்றாக மாற்றினார். பிரேக் பேட் புதிது, டிஸ்க் புதிது, பிரேக் ஆயில் புதிது, கடைசியில் பூஸ்டரும் புதிது. விபத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை. டயர் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கும் ஒரு நாளும் எரிந்ததில்லை. ஆக, வண்டியில் குறை இல்லை. மிச்சம் இருப்பது டிரைவரின் கால்தான். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார், ஐம்பத்திரண்டு வயது, பதற்றம் என்று அதிகாரி எழுதிவிட்டார். நோயாளிகளை ஏற்றிவர ஆஸ்பத்திரி அவருக்குக் கொடுத்திருந்த அனுமதி அட்டையை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

அதைவிட மோசமான அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. டிரைவருக்கு ஓர் அண்ணன் உண்டு. தையல்காரர், அதிகம் பேசாதவர். அவர் வந்து தம்பியின் எதிரில் உட்கார்ந்து, "காலு தளர்ந்திருக்கும்டா. ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சிடப் போகுது? நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகலை. விட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு டிரைவர் சாவியைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தன் வலது காலையே யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னார்.

அந்தத் தையல்காரரின் மனைவிதான் நம்பர் அக்கா.

அவருக்கு அந்தப் பேர் வந்த கதை சின்னது. வாகன உதிரிபாகக் கடை ஒன்றின் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். எந்த வண்டி, எந்த வருஷம் என்று சொன்னால் போதும். புத்தகத்தைத் திறக்காமல் பாகத்தின் நம்பரைச் சொல்வார், அது எந்த ராக்கில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்றும் சொல்வார். அவர் பிறந்த தேதி கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். கடைக்கு வரும் மெக்கானிக்குகளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அது ஒரு நல்ல அகராதிமேல் இருக்கும் மரியாதை. அகராதியிடம் யாரும் யோசனை கேட்பதில்லை.

விபத்து நடந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மதியம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அதற்குமுன் நான் அவரைப் பார்த்ததில்லை. உயரம் குறைவு, பெரிய கண்ணாடி, கையில் ஒரு நோட்டு.

"அண்ணா, நான் டிரைவரோட அண்ணி. அன்னிக்கு நீங்க அவருக்கு நேர் பின்னாடி உட்கார்ந்திருந்தீங்களாமே?"

"ஆமா. வாங்க, உட்காருங்க."

உட்கார்ந்தார். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இடிக்கறதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு?"

என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. எவ்வளவு வேகம், யார் குறுக்கே வந்தது, டிரைவர் தூங்கினாரா என்றெல்லாம்தான் கேட்டார்கள். நான் கண்ணை மூடி யோசித்தேன்.

"கர்ர்ருனு ஒரு சத்தம். மிக்ஸியில கல்லைப் போட்டு அரைச்ச மாதிரி. முன்னாடி பானெட்டுக்குள்ளேர்ந்து."

"இன்ஜின் உறுமுச்சா?"

"இல்லையே. இன்ஜின் சத்தமே இல்லை. அந்தக் கர்ர்ருதான்."

"இடிச்சதுக்கு அப்புறமா, முன்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முன்னாடி. ரெண்டு வினாடி இருக்கும். அது நின்னப்புறம்தான் என் பல்லு போச்சு."

அவர் நோட்டில் எழுதினார். தலையை நிமிர்த்தியபோது கண்ணாடிக்குப் பின்னால் கண் பளபளத்தது.

"அண்ணா, ஆக்சிலேட்டரை மிதிச்சிருந்தா இன்ஜின் கத்தியிருக்கும். நீங்க கேட்டது ஏபிஎஸ் பம்ப்போட சத்தம். அந்த வண்டியில அது பிரேக் மேல கால் இருந்தாத்தான் ஓடும். என் கொழுந்தன் கால் பிரேக்லதான் இருந்திருக்கு."

அப்போதுதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எனக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. கையாலேயே விளக்கினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். சக்கரம் சுற்றுகிறதா என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். வழுக்கும் சாலையில் பிரேக் போடும்போது சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால், ஏபிஎஸ் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அதுதான் அந்தக் கர்ர். "காய்ஞ்ச தார் ரோட்டுல, நடக்கற வேகத்துல, அதுக்கு அங்கே என்ன வேலை? சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. ஆனா நின்னுபோச்சுன்னு யாரோ அதுக்குப் பொய்த் தகவல் குடுக்கறாங்க. அது பாவம், நம்பி பிரேக்கை விட்டுடுது."

"அந்தப் பொய் சொல்றது யாரு?"

"அதைத்தான் தேடறேன்" என்று நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்.

தேடியது அவருடைய கடையிலேயேதான். புதுப் பாகம் வாங்க வருகிற மெக்கானிக்குகள் பழையதை மாதிரிக்குக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டு மறந்து போவார்கள். குப்பையில் போட மனசு வராமல் அக்கா அதையெல்லாம் ஒரு தகர டிராயரில் போட்டு வைப்பார். அன்று மாலை அதைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தபோது, அதே மாடல் எஸ்யூவியின் முன்சக்கர சென்சார் ஐந்து கிடைத்தன. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். ஐந்துமே நன்றாக இருந்தன. கெட்டுப்போகாத பொருளை எதற்கு மாற்றினார்கள்? திருப்பிப் பார்த்தார். ஐந்தின் அடிப்பக்கத்திலும் துரு, பிஸ்கட் மாதிரி பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து யோசித்தாராம். சென்சார் உட்காரும் இரும்பு மேடை துருப்பிடித்து உப்புகிறது. உப்பும்போது சென்சாரை மேலே தூக்கிவிடுகிறது. நகத்தின் கனம்தான், ஆனால் அதுவே அதற்குத் தூரம். வேகமாகப் போகும்போது சக்கரத்தோடு சேர்ந்து ஓடும் பல்சக்கரத்தின் சுற்று அதற்குப் பலமாகத் தெரியும். நிற்கப்போகும் கடைசி நொடியில் அது மங்கிப்போய், சென்சாருக்குக் கேட்காமல் போகிறது. சென்சார் செத்துப்போயிருந்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கும், கம்ப்யூட்டர் பிடித்திருக்கும். இது சாகவில்லை, முனகுகிறது. அதனால்தான் யாருக்கும் அகப்படவில்லை. அதோடு, அந்த ஐந்து வண்டிகளில் இரண்டின் மெக்கானிக்குகள் புது சென்சார் போட்டும் சரியாகவில்லை என்று கடையில் வந்து சண்டை போட்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது. துருவைச் சுரண்டாமல் அதே மேடையில் புதியதை உட்கார வைத்தால் எப்படிச் சரியாகும்?

மறுநாள் காலை பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு மாதம் தோற்றுப்போன கடுப்பு அவருக்கு.

"அக்கா, நீங்க டப்பா எடுத்துக் குடுங்க. மாட்டறதை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"நாலு மாசமா நான் எடுத்துக் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன். நீங்களும் மாட்டிக்கிட்டேதான் இருக்கீங்க. வண்டி நின்னுச்சா?"

பட்டறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பட்டறைக்காரர் திரும்பி முறைத்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரி, என்ன பண்ணணும்ங்கறீங்க?" என்று கேட்டார்.

"ஏபிஎஸ் ஃப்யூஸைப் பிடுங்கிட்டு ஓட்டிப் பாக்கணும். அவ்வளவுதான்."

எளிய சோதனை. நாலு மாதத்தில் அவருக்குத் தோன்றாத சோதனை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது என்று அக்கா பின்னால் சொன்னார். ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

வாராந்தர விடுமுறையன்று காய்கறி மொத்தச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் லாரி மைதானம் காலியாகக் கிடக்கும். அங்கே வண்டியை இழுவை லாரியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்டுவதற்கு டிரைவர் வேண்டும். அவரோ வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம் அண்ணி. என் காலை நானே நம்பலை."

"சரி தம்பி, நீங்க வராட்டி நானே ஓட்டறேன். எனக்கு எது கிளட்ச், எது பிரேக்னு நம்பர்தான் தெரியும், இடம் தெரியாது. உங்க வண்டி எந்தச் சுவத்துல போய் நிக்குதுன்னு நாளைக்கு வந்து பாத்துக்குங்க."

டிரைவர் எழுந்து சட்டையை மாட்டினார். அலமாரி மேல்தட்டிலிருந்து சாவியை எடுக்க அவர் மனைவி ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்தார்.

மைதானத்தில் அக்கா சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். நடக்கிற வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும். இருபது தடவை. அக்கா ஓரமாக நின்று நோட்டில் குறித்தார். ஏழு தடவை மிதிகட்டை உதறி, கர்ர் என்று அரைத்து, வண்டி கோட்டைத் தாண்டி நாலைந்து அடி போய் நின்றது. ஒவ்வொரு தடவையும் டிரைவரின் முகம் சுண்டிப் போயிற்று. பிறகு பட்டறைக்காரர் குனிந்து ஃப்யூஸைப் பிடுங்கினார். டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. சாதாரண பிரேக் மட்டும் மிச்சம். மறுபடி இருபது தடவை. இருபது தடவையும் வண்டி கோட்டின்மேல் வந்து, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி நின்றது.

பட்டறைக்காரர் குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு மாசம்" என்றார். பிறகு சட்டென்று எழுந்து ஜாக்கியை எடுத்தார். "இப்பவே சக்கரத்தைக் கழட்டறேன். அந்தத் துருவைச் சுரண்டி எறிஞ்சிட்டுத்தான் மறுவேலை."

"தொடாதீங்க!" என்று அக்கா கத்தினார்.

எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

"இப்ப சரி பண்ணிட்டா வண்டி நல்லா ஓடும். என் தம்பி பேரு? 'இத்தனை நாள் கழிச்சு எதையோ பண்ணிட்டு வந்து கதை சொல்றாங்க'ன்னு சொல்லிட்டாங்கன்னா எதைக் காட்டறது? நோய் இருக்கறப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அந்த மேடம் கண்ணால பாக்கட்டும்."

டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதிகாரி அம்மாவைப் பார்க்க அக்கா நாலு நாள் நடந்தார். அந்த அம்மா நியாயமானவர்தான், ஆனால் வேலைப் பளு. கடைசியில், "பதினைந்து நிமிஷம். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

அந்த நாள் எனக்கு டயாலிசிஸ் நாள். என்னுடைய முறை முடிந்து, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது வண்டி இழுவை லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வேறு வாகனத்தில் வந்திருந்த எங்கள் கூட்டத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். தையல்காரரும் வந்திருந்தார். தம்பிக்குப் பக்கத்தில் நிற்காமல், தூணோரமாகத் தனியே நின்றார். சாக்பீஸ் கோட்டுக்கு அப்பால் ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய பழைய மெத்தைகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதுவும் அக்காவின் ஏற்பாடுதான்.

டிரைவர் ஓட்டினார். முதல் தடவை கோட்டிலேயே நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. எந்தக் கோளாறை நாலு மாதமாகச் சபித்தோமோ, அது வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தானே நிக்குது?" என்றார்.

டிரைவர் இறங்கிவிட்டார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா அசரவில்லை. கோட்டின் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்.

"மேடம், இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. நீங்களே ஓட்டிப் பாருங்க."

"நானா?"

"உங்க கால் மேல யாருக்கும் சந்தேகம் இல்லை இல்லையா மேடம்?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். நன்றாகவே ஓட்டினார். முதல் தடவை கோட்டில் நிறுத்தினார். இரண்டாவது தடவையும் நிறுத்தினார். "போதுமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை மேடம்" என்றார் அக்கா.

மூன்றாவது தடவை வண்டி அதே மெதுவான வேகத்தில் கோட்டை நோக்கி வந்தது. பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்தச் சத்தம் கேட்டது. கர்ர்ர்ர். என் பல் கூசிற்று. வண்டி கோட்டைத் தாண்டியது. உள்ளே அந்த அம்மா இரண்டு காலாலும் மிதித்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தே விட்டார். பிரேக் விளக்கு எரிந்தபடியே வண்டி போய் மெத்தைக் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது. மேலே இருந்த மெத்தை ஒன்று நிதானமாகச் சரிந்து பானெட்மேல் படுத்துக்கொண்டது.

கதவு திறந்தது. அந்த அம்மா முகம் வெளிறிப்போய் இறங்கினார்.

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்!" என்றார்.

அந்த அம்மாவுக்கே தாம் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். பஞ்சை விட்டுவிட்டு நானும் தட்டப் போய், ரத்தம் கசிந்து, நர்ஸிடம் திட்டு வாங்கினேன்.

மிச்ச வேலை அங்கேயே நடந்தது. பட்டறைக்காரர் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி இடது சக்கரத்தைக் கழற்றினார். சென்சாரைப் பிடித்திருந்தது ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றி, சென்சாரை நெம்பி எடுத்தபோது அதன் கீழே துரு அடை தட்டியிருந்தது. அதை அக்கா ஒரு காகிதத்தில் வாங்கி, அதிகாரியிடம் காட்டினார். "இதுதான் மேடம் உங்க கேட்டை இடிச்சது." நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், வருஷக்கணக்காக இந்த முற்றத்தில் கடற்காற்றில் நின்ற வண்டி அது. உப்பு தன் வேலையைக் காட்டியிருந்தது. சுரண்டுவதற்கு முன்னால் சென்சாரை இருந்தபடியே ஒரு தடவை பொருத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி மீட்டரில் பார்த்தார்கள். முள் சோம்பலாக அசைந்தது. வலது சக்கரத்தில் அதே சுற்றுக்கு மூன்று மடங்கு எழும்பியது. பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு பிடிக்காத பூச்சு, அதே பழைய சென்சார். திரும்பச் சுற்றியபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு. புதுப் பாகம் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. உதிரிபாகக் கடைக்காரருக்கு அது தெரிந்தால் அக்காவை வேலையை விட்டே எடுத்துவிடுவார் என்று பட்டறைக்காரர் கிண்டல் செய்தார்.

வலது பக்கத்தையும் சுத்தம் செய்து முடித்தபின், டிரைவர் ஏறினார். முப்பது தடவை நிறுத்தினார். பத்துக்குமேல் யாரும் எண்ணச் சொல்லவில்லை, அவராகவே நிறுத்திக்கொண்டிருந்தார். கடைசி சில தடவைகளில் முன்டயர் கோட்டைத் தொடவும் தொடாமலும் நின்றது. அதிகாரி தம் அறைக்குப் போய், இழுப்பறையிலிருந்து அந்த அனுமதி அட்டையைத் தாமே எடுத்துவந்து டிரைவர் கையில் கொடுத்தார். "நான் எழுதினது தப்பு. இன்னிக்கே மாத்தி எழுதறேன்" என்று எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பெரிய மனசு வேண்டும் அதற்கு.

தையல்காரர் தூணை விட்டு வந்தார். தம்பியின் எதிரில் நின்றார். சுற்றிக்கொண்டு போய் முன்சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி, "கடையில கொண்டுபோய் விடுடா" என்றார்.

"வேகமாப் போகவா, மெதுவாப் போகவா?" என்றார் தம்பி.

"உன் இஷ்டம்" என்றார் அண்ணன்.

மறுவாரமே அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த முற்றத்தில் நிற்கிற பதினொரு வண்டிகளையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பட்டறைக்காரர் தம் ஆட்களோடு வந்தார், ஆனால் இந்தத் தடவை அக்கா சொல்கிற வரிசையில்தான் வேலை. பட்டறை உடுப்பு எதுவும் அக்காவின் உயரத்துக்குப் பொருந்தவில்லை. தையல்காரர் ஒன்றை வாங்கிப் பிரித்து, மனைவியின் அளவுக்கு வெட்டித் தைத்து, மல்டிமீட்டர் வைக்க நெஞ்சில் ஒரு பையும் வைத்துக் கொடுத்தார். நான் என் கட்டிலில் மெஷினோடு கட்டுண்டு படுத்திருந்தேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

நாலு வண்டிகளில் அதே துரு. ஒன்றில் பிரேக் பேட் கரைந்து தகடு வரைக்கும் போயிருந்தது. "இது வெறும் தேய்மானம். இதுக்கெல்லாம் கதை கட்டாதீங்க, மாத்துங்க" என்று நகர்ந்தாராம் அக்கா. பத்து வண்டி முடிந்து கடைசி வண்டிக்கு வந்தார்கள். அதில் ஏபிஎஸ் விளக்கு ஒரு வருஷமாக எரிந்து எரிந்து அணைகிறது. இரண்டு சென்சார் மாற்றியும் அடங்கவில்லை. அக்கா அட்டைப்பெட்டியைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்தார். கால் இரண்டும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. பட்டறைக்காரர் மண்டியிட்டு டார்ச் பிடித்தார். வெளியே நாலு மெக்கானிக்குகள், அதிகாரி, காவலாளி எல்லோரும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஸ்டியரிங்கை முழுசா இடது பக்கம் ஒடிங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம், பட்டறைக்காரர் பிறகு சொன்னது. ஒடித்தார்கள். "இப்ப வலது பக்கம்."

டார்ச்சை இன்னும் கிட்டே பிடிக்கச் சொன்னாராம்.

"சென்சாரை விடுங்க. ஒயரு. சக்கரம் திரும்பறப்ப இழுபட்டு உள்ளுக்குள்ள அறுந்திருக்கு, மேல தோல் மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. வலது முன்பக்கம், ஒயர் வளையற இடத்துல கிளிப்பு விட்டுப்போயிருக்கு. அங்கேர்ந்து ஒரு சாண் கீழே கிழிச்சுப் பாருங்க."

பட்டறைக்காரர் கத்தியை எடுத்து, ஒரு சாண் அளந்து, கிழித்தார். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, இரண்டு துண்டாக இருந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். மெக்கானிக்குகள் போட்ட கூச்சல் மூடிய கண்ணாடியைத் தாண்டி வார்டுக்குள் கேட்டது. நர்ஸ் என்ன கலாட்டா என்று ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

அக்கா வண்டிக்கு அடியிலிருந்து மெதுவாக நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கரி, கண்ணாடி கோணல். எழுந்து உட்கார யாரோ கை கொடுத்தார்கள். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. முதலில் அந்த ஒயருக்கு நம்பரைச் சொன்னார்.